புது பிளாக் எது என்று இசட்எஃப்எஸ்ஸுக்கு எப்படித் தெரிகிறது?

பத்து டெராபைட் தரவு உள்ள சர்வரில் நேற்றிலிருந்து மாறியது ஐந்து ஜிபிதான். அதை மட்டும் பேக்கப் எடுக்க வேண்டும். ஆர்சிங்க் போன்ற கருவிகள் ஒவ்வொரு கோப்பின் அளவையும் தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்கும். கோப்புகள் கோடிக்கணக்கில் இருந்தால், நகலெடுப்பதைவிடத் தேடுவதற்கே அதிக நேரம் போய்விடும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கி, 2005இல் ஓப்பன்சோலாரிஸ் இயங்குதளத்தில் வெளியிட்ட இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் (டிஸ்க்கில் கோப்புகளைச் சேமித்து நிர்வகிக்கும் மென்பொருள்) இந்தத் தேடல் அநேகமாக இல்லை. அது தரவை பிளாக் என்ற துண்டுகளாகச் சேமிக்கும், பழைய பிளாக்கின் மேல் எழுதாது. மாற்றத்தை வேறொரு காலியிடத்தில் எழுதும். இடம் மாறியதால் அதைச் சுட்டும் பாயிண்டரும் (பிளாக் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பதிவு) மாறும். பாயிண்டர் இருக்கும் மேல்நிலை பிளாக்கையும் புதிதாக எழுத வேண்டிவரும். பிளாக்குகள் ஒன்றின்கீழ் ஒன்றாக மரம்போலக் கிளைத்திருப்பதால், இப்படியே அந்த மரத்தின் வேர்வரை போகும்.

எழுத வேண்டியவை தொகுதி தொகுதியாக, பெரும்பாலும் 5 விநாடிக்குள் ஒருமுறை, டிஸ்க்குக்குப் போகின்றன. ஒவ்வொரு தொகுதிக்கும் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண் உண்டு. 128 பைட் அளவுள்ள பாயிண்டருக்குள் முகவரி, செக்சம் (தரவு சிதைந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் குறியீடு) ஆகியவற்றோடு, பிளாக் பிறந்த தொகுதியின் எண்ணும் பதிவாகிறது.

இந்த வடிவமைப்பில் என்னை அசரவைப்பது அந்த எண் இருக்கும் இடம்தான். பிளாக்குக்குள் இல்லாமல் அதைச் சுட்டும் பாயிண்டரில் இருப்பதால், பிளாக்கைப் படிக்காமலே அதன் வயதைச் சொல்லிவிடலாம். கீழே ஒன்று மாறினால் மேலே உள்ளதும் மாறியே தீரும் என்பதால், மேல் பிளாக்கின் எண் பழையதாக இருந்தால் அதற்குக் கீழே புதியது எதுவும் இருக்க வழியில்லை. நேற்றைய ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்தில் தரவு இருந்த நிலையை அப்படியே பிடித்துவைப்பது) எடுத்தபோது எண் 5000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாயிண்டரில் 4870 என்றிருந்தால் அந்தக் கிளையையே தாண்டிப் போய்விடலாம். 128 கேபி மேல்நிலை பிளாக்கில் 1024 பாயிண்டர்கள் அடங்கும். ஒவ்வொன்றும் 128 கேபி தரவைச் சுட்டினால், ஒரே ஒப்பீட்டில் 128 எம்பி கழிந்துவிடுகிறது.

அழிக்கும்போதும் இதே எண்தான் கைகொடுக்கிறது. கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு பிறந்த பிளாக் என்றால் அதை வேறு எந்த ஸ்னாப்ஷாட்டும் பயன்படுத்தியிருக்க முடியாது, உடனே விடுவிக்கலாம். அதற்கு முன்பே பிறந்ததென்றால், இறந்தவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டு, அந்த ஸ்னாப்ஷாட் நீக்கப்படும்வரை காக்க வேண்டும். பெரிய கோப்பை அழித்த பிறகும் டிஸ்க்கில் இடம் கூடவில்லையென்றால், முதலில் பார்க்க வேண்டியது பழைய ஸ்னாப்ஷாட்டுகளைத்தான்.