இந்தக் கல்கி எந்தக் கல்கி?

ஒரே புத்தகத்தை ஆயிரம் நூலகங்கள் வாங்குகின்றன. ஆயிரம் நூலகர்களும் தனித்தனியே உட்கார்ந்து அதே தலைப்பை எழுதி, அதே பக்கங்களை எண்ணி, பகுப்பு எண் போட வேண்டுமா? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1901-லேயே இதற்கு ஒரு வழி கண்டது. தன் பட்டியல் அட்டைகளைக் கூடுதலாக அச்சடித்து மற்ற நூலகங்களுக்கு விற்றது. ஒருவர் பட்ட பாட்டை ஊரே பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு. இன்றைய உலகளாவிய நூலகப் பட்டியல்களுக்கும் அடிப்படை இதுதான்.

அட்டையைப் பார்த்ததும் எது தலைப்பு, எது பதிப்பகம் என்று நமக்குத் தெரிந்துவிடும். கணினிக்குத் தெரியாது. 1960-களின் நடுவில் இந்தச் சிக்கல் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் அவ்ரம் என்பவரின் மேசைக்கு வந்தது. அவர் நூலகவியல் படித்தவர் அல்ல, கணினி நிரலாளர். நூல் விவரங்களைக் கணினி படிக்கும்படி அவர் உருவாக்கிய மார்க் என்ற பதிவமைப்பை 1966 முதல் 1968 வரை 16 நூலகங்கள் காந்த நாடாக்களில் பெற்றுச் சோதித்தன. இன்று உங்கள் கல்லூரி நூலகக் கணினியில் இருப்பதும் பெரும்பாலும் அதன் வாரிசுதான்.

ஒரு மார்க் பதிவைப் பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு தகவலுக்கும் 'புலம்' என்ற தனி இடமும் அதற்கு மூன்று இலக்க எண்ணும் உண்டு. 100 என்றால் ஆசிரியர், 245 தலைப்பு, 020 ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண், 650 பொருள். மொழி எதுவானாலும் 245 தலைப்புதான். பதிவின் முதல் 24 எழுத்துகள் தலைப்பகுதி. அதையடுத்து ஓர் உள்ளடக்க வரிசை, ஒரு புலத்துக்கு 12 இலக்கம் வீதம். 245004500128 என்று இருந்தால், முதல் மூன்று இலக்கம் புலத்தின் எண், அடுத்த நான்கு அதன் நீளம், கடைசி ஐந்து அது தொடங்கும் இடம். அதாவது 245-ஆம் புலம், நீளம் 45 எழுத்து, தொடக்கம் 128-இல். ஒரு துளைஅட்டைக்கு 80 எழுத்து என்ற கணக்கில் எல்லாவற்றையும் அடைத்துவந்த காலத்தில், தலைப்பு எவ்வளவு நீண்டாலும் சரி, பதிவே தன் வரைபடத்தைச் சுமந்துவரும் என்பது அபாரமான யோசனை.

இன்னொரு நுணுக்கம். ஆங்கிலத் தலைப்பு 'தி' என்று தொடங்கினால் அகரவரிசையில் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அதற்கென 245-இல் ஒற்றை இலக்கம் ஒன்று உண்டு. அதில் 4 என்று போட்டால், ஆங்கிலத்தில் 'தி'யின் மூன்று எழுத்தையும் பின்வரும் இடைவெளியையும் தாண்டிப் போய் வரிசைப்படுத்து என்று பொருள். பட்டியலாளர்கள் தலையில் சுமந்த வழக்கத்தை ஓர் இலக்கத்தில் அடக்கிவிட்டார்கள்.

இந்தக் கட்டமைப்பு 1973-இல் ஐஎஸ்ஓ 2709 என்ற சர்வதேசத் தரமானது. அரை நூற்றாண்டின் தூசியும் அதில் படிந்திருக்கிறது. மார்க் நாட்டுக் குறியீடுகளில் இலங்கைக்கு இன்னமும் 'சி ஈ' தான், சிலோன் என்பதன் சுருக்கம்.

இயந்திரம் சார்ந்த பகுதி இவ்வளவுதான். உண்மையான தலைவலி பெயர்களில் இருக்கிறது. கல்கி என்று தேடினால் எழுத்தாளர் வேண்டுமா, பத்திரிகையா, விஷ்ணுவின் அவதாரமா? எழுத்தாளர்தான் என்றால், ஒரு புத்தகத்தில் அவர் கல்கி, இன்னொன்றில் ரா. கிருஷ்ணமூர்த்தி. கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரிலோ எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள்.

இதற்குப் புத்தகப் பதிவு போதாது, ஆளுக்கு ஒரு தனிப் பதிவு வேண்டும். அதில் 100-ஆம் புலத்தில் தேர்ந்தெடுத்த பெயர் வடிவம் இருக்கும், தேவைப்பட்டால் 1899–1954 போல வாழ்ந்த ஆண்டுகளோடு. அவரது மற்ற பெயர்கள் எல்லாம் 400-இல். இந்தத் தகவல் எங்கே கிடைத்தது என்பது 670-இல். எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே ஆளிடம் போய்ச் சேரும் வழி இது. முன்னெழுத்து வைத்து எழுதும் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எதை முன்னால் வைப்பது? ஆசிரியர் எந்த நாட்டவரோ அந்நாட்டு வழக்கத்தைக் கூடியவரை பின்பற்றுங்கள் என்று 1961-இல் பாரிஸில் கூடிய பட்டியலாளர் மாநாடு கொள்கை வகுத்தது. அதனால் நம்மவர் பெயரில் முன்னெழுத்து பின்னால் போகும்: கிருஷ்ணமூர்த்தி, ரா.

எழுத்து இன்னொரு தடை. மார்க்கின் பழைய எழுத்துத் தொகுப்பில் தமிழ் இல்லை. தமிழ்ப் புத்தகங்கள் 1960-கள் முதலே அமெரிக்க நூலகங்களுக்குப் போனாலும் பதிவுகள் ரோமன் எழுத்தில்தான். அதற்கும் ஒரு விதி: க எங்கே வந்தாலும் கே, ச எங்கே வந்தாலும் சி. 'சங்கம்' என்பதை நாம் எஸ், ஜி போட்டுத்தான் அடிப்போம். பட்டியலிலோ அது சி-ஏ-என்-கே-ஏ-எம். விதி தெரியாதவருக்குப் புத்தகம் அலமாரியில் இருந்தும் இல்லை. யூனிகோடு வந்தபின் 880-ஆம் புலத்தில் தமிழ் எழுத்திலேயே தலைப்பைச் சேர்க்க முடிகிறது, ஆனால் பழைய பதிவுகள் தாமாகத் தமிழுக்கு மாறிவிடாது.

உலகம் முழுவதும் ஒரே பெயர் வடிவத்தைத் திணிக்கலாம் என்ற ஆசையும் ஒருகாலத்தில் இருந்தது. அது கைவிடப்பட்டது நல்லதே. காங்கிரஸ் நூலகமும் ஜெர்மன் தேசிய நூலகமும் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பும் 2003-இல் வியாஃப் என்ற பெயர் இணைப்புத் திட்டத்துக்காகக் கைகோத்தன. இதில் ஒவ்வொரு நாடும் தன் வடிவத்தை வைத்துக்கொள்ளலாம். இவை எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று ஓர் அடையாள எண் முடிச்சுப்போடும்.

உங்கள் நூலகம் கோஹா என்ற நூலக மென்பொருளைப் பயன்படுத்தினால், இணையப் பட்டியலில் ஒரு புத்தகத்தைத் திறந்து 'மார்க் வியூ' என்பதைச் சொடுக்கிப் பாருங்கள். மேலே சொன்ன எண்கள் வரிசையாக நிற்கும். பிறகு அதே ஆசிரியரின் இன்னொரு புத்தகத்தைத் திறந்து இரண்டின் 100-ஆம் புலத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் முன்னெழுத்து முன்னால், மற்றொன்றில் பின்னால், அல்லது புள்ளியே இல்லாமல் என்று இருந்தால், கணினியைப் பொறுத்தவரை அவர்கள் இரண்டு பேர்.