பரோடிட்: செவியடிச் சுரப்பி

வேலூரில் மருத்துவமும் நர்சிங்கும் லேப் டெக்னீசியன் படிப்பும் படிக்கிற பிள்ளைகள் நிறைய. அவர்கள் பேச்சில் அடிக்கடி வரும் சொல் 'பரோடிட்'. கிரேக்கத்தில் 'பாரா' என்றால் அருகே. 'ஊஸ்' என்றால் காது, உருபு ஏற்கும்போது அது 'ஓட்டோஸ்' ஆகும். ஆக, காதருகே இருப்பது. உமிழ்நீர் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று இணை. அவற்றில் இது ஓர் இணை. தாடையடிச் சுரப்பியும் நாவடிச் சுரப்பியும் மற்ற இரண்டு. வைரஸ் தொற்றி இது வீங்குவதைத்தான் பொன்னுக்கு வீங்கி என்கிறோம். பிள்ளையின் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவார்கள்.

'சுரப்பி' அருமையான ஆக்கம். பாலாற்று மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கிறது, கன்று முட்டினால் மடி சுரக்கிறது. அந்தச் 'சுர'தான் இது. ஆங்கிலத்தின் 'கிளாண்ட்' லத்தீனில் ஓக் மரக் கொட்டையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் வடிவத்தைப் பார்த்தார்கள், நாம் வேலையைப் பார்த்தோம்.

பரோடிட்டுக்குத் தமிழில் மேலண்ணச் சுரப்பி, கன்னச் சுரப்பி என்று இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. முதலாவது எனக்கு ஒப்பவில்லை. அண்ணம் வாயின் கூரை. சுரப்பி அங்கே இல்லை. அதன் குழாய் கன்னத்தின் உட்புறம் திறக்கிறது. 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுக்கும்போது அந்தக் குழாயைக் கண்டவர் டென்மார்க் நாட்டு உடற்கூறியலாளர் நீல்ஸ் ஸ்டென்சென். சரி, கன்னச் சுரப்பி? மனிதருக்கு ஓரளவு பொருந்தும். எலிக்கு வந்தால் இடிக்கிறது.

ஆற்காட்டுப் பக்கம் நெல் வரப்பிலும் கடலைக் கொல்லையிலும் இருளர்கள் வளை தோண்டிப் பிடிக்கிறார்களே, அந்த எலி இனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எலியின் பரோடிட் காதடியில் தொடங்கித் தட்டையாகப் பரந்து, கழுத்தின் பக்கவாட்டில், கழுத்தடியிலுள்ள காறை எலும்பு வரை இறங்குகிறது. தாடையடிச் சுரப்பி என்கிறோமே, அதுவும் எலியில் கழுத்தின் முன்புறம் பெரிதாகக் கிடக்கிறது. நாவடிச் சுரப்பி அதன் முன்முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறியது.

எலிக்கு இவ்வளவு பெரிய சுரப்பி எதற்கு? தின்பதற்கு மட்டுமல்ல. பாதங்களைத் தவிர எலிக்கு வியர்வை கிடையாது. சூடு ஏறினால் உமிழ்நீரை மயிரில் தடவிக்கொள்ளும். அது ஆவியாகும்போது உடல் குளிரும். நம்மூர் மே மாத வெயிலுக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. அந்த நீரில் பெரும்பங்கு தாடையடிச் சுரப்பி தருவது.

அதனால் நான் 'செவியடிச் சுரப்பி' என்றே எழுதுகிறேன். மூலச் சொல்லின் பொருளும் கெடவில்லை, நாவடி, தாடையடி என்ற வரிசையிலும் சேர்கிறது, மனிதர், ஆடு, எலி எல்லாவற்றுக்கும் ஒத்துவருகிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. எலியின் காதுக்குக் கீழே கண்ணீர்ச் சுரப்பி ஒன்றும் இருக்கிறது. அறுத்துப் பார்ப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு. குழாயைப் பின்தொடருங்கள்: கண்ணுக்குப் போனால் கண்ணீர்ச் சுரப்பி, வாய்க்குள் போனால் செவியடிச் சுரப்பி.