இரண்டு டாலர் குறி என்றால் எவ்வளவு?

போன மாதம் ஒரு ஹோட்டலுக்குக் கிளம்பும் முன் செயலியில் பார்த்தேன். ‘இருவருக்கு 600 ரூபாய்’ என்று போட்டிருந்தது. நாங்களும் இரண்டு பேர்தான். இரண்டு பிரியாணி 480, ஒரு ‘சிக்கன் 65’ 220, இரண்டு லைம் சோடா 80. ஆக 780. அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 39. பில் 819 ரூபாய். யாரும் பொய் சொல்லவில்லை. 600 என்று கணக்குப் போட்டவர் மனதில் இருந்த இருவர் சோடா குடிக்காதவர்கள், எங்களைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுகிறவர்கள். வரியும் அதில் சேரவில்லை.

உணவக வழிகாட்டிகளின் ஒவ்வொரு விலைக் குறிப்புக்குப் பின்னாலும் இப்படி ஒரு கற்பனை வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கிறார். அவர் என்ன சாப்பிட்டார் என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நியூயார்க்கில் 1979-இல் டிம், நீனா சாகட் என்ற வழக்கறிஞர் தம்பதி தொடங்கிய சாகட் வழிகாட்டி அவரை ஒளித்துவைக்கவில்லை. ஒருவருக்கு இரவுச் சாப்பாடு, ஒரு பானம், டிப்ஸ் எல்லாம் சேர்த்து உத்தேசமாக இத்தனை டாலர் என்று எண்ணாகவே போட்டது.

பிறகு வந்த யெல்ப் போன்ற, வாடிக்கையாளர்கள் கருத்து எழுதும் இணையதளங்களில் எண்ணுக்குப் பதில் டாலர் குறிகள். ஆளுக்கு 10 டாலர் வரை ஒரு குறி, 11 முதல் 30 வரை இரண்டு, 31 முதல் 60 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. இதைப் பெட்டிகளாக நினைத்துப் பாருங்கள். 11 டாலர் கடையும் 30 டாலர் கடையும் ஒரே பெட்டி. விலையோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். 30-க்கும் 31-க்கும் ஒரே டாலர்தான், ஆனால் வேறு வேறு பெட்டி. போதாததற்கு, எந்தப் பெட்டி என்பதைச் சாப்பிட்டு வந்தவர்களிடமே கேட்கிறார்கள். கல்லூரி மாணவர் மூன்று போடும் கடைக்கு, கம்பெனிச் செலவில் சாப்பிடுகிறவர் இரண்டு போடுவார்.

பெட்டிகளின் அகலம் 10, 20, 30 என்று ஏறிக்கொண்டே போவதைக் கவனித்தீர்களா? நம் மனம் விலையை அப்படித்தான் அளக்கிறது. 12 ரூபாய் டீ 22 ஆனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். 2,000 ரூபாய் பில் 2,010 ஆனால் கண்ணிலேயே படாது. வித்தியாசம் எவ்வளவு என்பதைவிட எத்தனை பங்கு என்பதுதான் நமக்கு உறைக்கும். எடை தூக்கச் சொல்லிச் சோதித்து இதைக் கண்டவர் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் எர்ன்ஸ்ட் வெபர். உளவியலில் இதற்கு வெபர் விதி என்றே பெயர்.

சரி, குறி கூடினால் ருசியும் கூடுமா? மிச்செலின் வழிகாட்டி இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. நட்சத்திரம் சமையலுக்கு, நாணயக் குறி செலவுக்கு. 2016-இல் சிங்கப்பூர் சைனாடவுனில் சான் ஹோன் மெங் நடத்திய உணவங்காடிக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அப்போது அங்கே சோயா சாஸ் கோழிச் சோறு ஏறக்குறைய 2 சிங்கப்பூர் டாலர்.

மறுபடி டாலர் குறிகளுக்கு வருவோம். நான்கு குறி போட்ட அந்தக் கடைசிப் பெட்டிக்கு மட்டும் மூடியே கிடையாது. நியூயார்க்கில் ஆளுக்கு 65 டாலரில் முடியும் சாப்பாட்டுக்கும் நான்கு குறி. சின்னச் சின்னப் பதார்த்தங்களாக வரிசையாக வரும், 300 டாலரைத் தாண்டும் டேஸ்டிங் மெனுவுக்கும் அதே நான்குதான்.