பெர்சனல் பிராண்ட்: முத்திரையா, பேரா?

எம்.பி.ஏ. விண்ணப்பம் எழுதுகிறவர்களிடம் ‘பெர்சனல் பிராண்ட்’, அதாவது உங்களைத் தனித்துக் காட்டும் அடையாளம், வேண்டும் என்கிறார்கள். முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) ‘பிராண்ட்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஷூவின் உள்ளே அச்சடிக்கிற கம்பெனிப் பெயர் ஒன்று. மாட்டின் தொடையில் காய்ச்சிய இரும்பால் போட்ட சூடு இன்னொன்று. முதலாவது விலையை ஏற்றும், இரண்டாவது இறக்கும். சூடு பட்ட இடம் தழும்பாகி இறுகிவிடுவதால் சாயம் ஏற்றினாலும் வடு மறையாது. தோலைத் தரம் பிரிப்பவர் அதைக் கீழ்த்தரத்துக்குத் தள்ளுவார். வெட்டுபவர் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு வெட்டுவார்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் சூடுதான் மூத்தது. பழைய ஆங்கிலத்தில் ‘பிராண்ட்’ என்றால் தீ, எரியும் கட்டை. நம் ‘கொள்ளி’க்கு நேரான சொல் அது. அந்தக் கொள்ளியால் கால்நடைக்கும் குற்றவாளிக்கும் போட்ட அடையாளத்துக்குப் பிறகு அதே பெயர் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பீப்பாய்களிலும் பெட்டிகளிலும் சுட்டுப் பதித்த வணிக அடையாளத்துக்கு நகர்ந்து, அங்கிருந்து சரக்கின் பெயருக்கும் மதிப்புக்கும் போனது. மனிதருக்கு அதை ஒட்டியவர் அமெரிக்க நிர்வாகவியல் எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ். 1997-இல் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ இதழில் வந்த அவருடைய கட்டுரைக்குப் பிறகே ‘நீயே ஒரு பிராண்ட்’ என்ற பேச்சு பரவியது.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் தேடுகிறவர்கள் ‘வணிகக்குறி’, ‘வணிகப்பெயர்’, ‘இலச்சினை’ என்று போகிறார்கள். சரக்குக்கு இவை பொருந்தும். ‘தனிநபர் வணிகக்குறி’ என்று மனிதருக்கு நீட்டினால் யாரோ கடை திறக்கிறார் என்றுதான் தோன்றும். குடியாத்தம் பீடிக்கும் தீப்பெட்டிக்கும் ‘மார்க்’ போதும், படத்தைக் காட்டியே கேட்டு வாங்கலாம். பழஞ்சொல் வேண்டுமானால் ‘பொறி’ இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சரக்கின்மேல் சோழரின் புலிச்சின்னம் இட்டு வெளியே விட்டதைப் பட்டினப்பாலை ‘புலி பொறித்து’ என்கிறது. அழகான சொல்தான், ஆனால் இன்று ‘பொறி’ என்றால் எலிப்பொறிதான் நினைவுக்கு வரும்.

பேச்சுவழக்கு இதை எப்போதோ தீர்த்துவிட்டது. ‘அவர் அந்தத் துறையில் தனி முத்திரை பதித்தவர்’ என்கிறோம். ‘கணக்கில் கெட்டி என்று பேர் எடுத்தவள்’ என்றும் சொல்கிறோம். முத்திரை நாம் பதிப்பது. பேர் பிறர் கொடுப்பது, நாம் ‘எடுப்பது’, சிலசமயம் ‘ரிப்பேர்’ ஆவது. ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறது. ஆகவே பெர்சனல் பிராண்டுக்குத் ‘தனிமுத்திரை’ என்று எழுதலாம். பேர் வேறு என்பதை மட்டும் மறக்கக்கூடாது, ஏனென்றால் எம்.பி.ஏ. விண்ணப்பம் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

விண்ணப்பத்தில் ரெஸ்யூமும் கட்டுரையும் முத்திரை. பரிந்துரைக் கடிதம் பேர். தேர்வுக்குழு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறது. கட்டுரையில் ‘துணிந்து முடிவெடுப்பவன்’ என்றும், மேலாளர் கடிதத்தில் ‘சொன்ன வேலையைச் சரியாகச் செய்பவர்’ என்றும் இருந்தால் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பல எம்.பி.ஏ. பள்ளிகள் பயன்படுத்தும் பொதுப் பரிந்துரைப் படிவம், விண்ணப்பதாரருக்கு நீங்கள் கொடுத்த முக்கியமான திருத்தம் எது, அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று நேராகவே கேட்கிறது. முத்திரையை மட்டும் மெருகேற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பதில் குத்தும்.

ஆகவே வேலையைப் பேரில் தொடங்குங்கள். வேலூர் முள்ளு கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது சில ஆண்டுகளுக்கு முன்புதான். சந்தையில் அதற்குப் பேர் இருந்தது அதற்கு வெகுகாலம் முன்பே. வரிசை அதுதான்: முதலில் பேர், பிறகு முத்திரை. கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே ஐந்து பேரைக் கேளுங்கள்: மேலே இருப்பவர் இருவர், சமமானவர் ஒருவர், உங்களிடம் வேலை கற்றவர் ஒருவர், அலுவலகத்துக்கு வெளியே ஒருவர். ‘என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்டால் ‘தங்கமான பிள்ளை’ என்றுதான் வரும். அதை வைத்து ஒரு வரியும் எழுத முடியாது. ‘நான் இல்லாவிட்டால் எந்த வேலை நின்றிருக்கும், எப்போது?’ என்று கேளுங்கள். ஐந்தில் மூன்று பதில் ஒரே பக்கம் சாய்ந்தால் அதுதான் உங்கள் பேர். நீங்கள் நினைத்திருந்தது வேறாக இருக்கலாம், அது நல்லதே.

அதை ஒரே வரியாக எழுதுங்கள். பெயரடைகளை அடித்துவிட்டு வினையை வையுங்கள். எடுத்துக்காட்டாக, ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் நான்கு வருடம் இருந்த ஒருவர் ‘தலைமைப் பண்பும் புதுமை நோக்கும் கொண்டவன்’ என்று எழுதினால் அது எல்லோருடைய வரியும்தான். ‘வெட்டு மேசையில் வீணாகும் தோலைக் குறைத்தேன், இனி அதைப் பல ஆலைகளில் செய்ய வேண்டும்’ என்றால் அது அவருடையது. அதற்கு மூன்று சான்று போதும்: எண்ணோடு ஒன்று, மனிதர்களைச் சம்மதிக்க வைத்தது ஒன்று, தோற்றது ஒன்று. எண்ணை ரெஸ்யூமில் வையுங்கள், அதுவும் ஒரே பக்கத்துக்குள். சம்மதிக்க வைத்த கதை கட்டுரைக்கு. தோல்வியைப் பரிந்துரைப்பவருக்கு நினைவூட்டுங்கள். கடிதத்தை நீங்களே எழுதிக் கையெழுத்து வாங்காதீர்கள். கட்டுரையும் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும். தேதிகள், நீங்கள் செய்த வேலைகளின் பட்டியல், எந்தப் படிப்பு, ஏன் என்று ஒரு பக்கக் குறிப்பு மட்டும் கொடுத்து ஆறு வாரம் அவகாசம் விடுங்கள்.

எல்லாப் பள்ளிக்கும் ஒரே முத்திரையைக் குத்த முடியாது. ஸ்டான்ஃபோர்ட் பல ஆண்டுகளாக ‘உங்களுக்கு மிக முக்கியமானது எது, ஏன்?’ என்று கேட்கிறது. அங்கே வேலைச் சாதனையைவிட அதன் வேர் முக்கியம். ஹார்வர்டு 2024-இல் ஒற்றைப் பெரிய கட்டுரையை விட்டு மூன்று குறுங்கட்டுரைகளுக்கு மாறியது. சுற்றி வளைக்க இடமில்லை. இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐ.ஐ.எம்.களில் கதை வேறு. ‘கேட்’ (CAT) நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களுக்கும் பெரும்பாலான ஐ.ஐ.எம்.கள் எடை கொடுக்கின்றன. நேர்காணல் அழைப்பு வரும்வரை உங்கள் முத்திரையை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை.

பார்க்கும்போது ஊரைப் பிடித்துத்தான் கேட்பார்கள். தோல் தொழிலிலிருந்து வந்து ‘சுற்றுச்சூழல் அக்கறை’ என்று முத்திரை குத்திக்கொண்டவர், பாலாற்றில் தோல் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கையும் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் தெரிந்திருக்க வேண்டும். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அந்தத் தீர்ப்பு ஏற்றது. அது தெரியாமல் விழித்தால் முத்திரை அங்கேயே சூட்டுத் தழும்பாக மாறிவிடும். இன்னொரு வடு, விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பு திடீரென்று தொடங்கிய சமூக சேவை. அதற்குப் பதில் நாலு வருடமாகச் செய்யும் சின்ன வேலை எதுவானாலும் எழுதலாம், ஞாயிற்றுக்கிழமை டியூஷன் ஆனாலும் சரி.

லிங்க்ட்இனில் உள்ள பதவிப் பெயரும் தேதியும் ரெஸ்யூமோடு மாதக் கணக்கில் ஒத்துப்போகட்டும். இடம் கிடைத்த பிறகும் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு; முரண் இருந்தால் இடத்தைத் திரும்பப் பெறுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு ஒரு சில்லறை விஷயம்: பழைய சான்றிதழில் வேலூர் மாவட்டம் என்றிருக்கும், இப்போதைய முகவரியில் திருப்பத்தூர் அல்லது ராணிப்பேட்டை என்றிருக்கும். 2019-இல் மாவட்டம் பிரிந்தது என்று கூடுதல் தகவல் பகுதியில் ஒரு வரி எழுதினால் போதும். அப்பாவின் ஆவணத்தில் பழைய மாவட்டப் பெயரான வடாற்காடு என்று இருந்தால் அதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.