விண்மேகத்தில் சர்க்கரை என்று செய்தி வந்தால்

"விண்வெளியில் சர்க்கரை", "மேகம் முழுக்கச் சாராயம்" என்று செய்தி வரும்போதெல்லாம், அங்கே உயிர் இருக்கிறதா என்று என்னிடம் கேட்கிறார்கள். ரேடியோ தொலைநோக்கித் தரவுகளில் மூலக்கூறுகளைத் தேடுவது என் வேலை. கரிம மூலக்கூறு என்றால் அதில் கார்பன் இருக்கிறது, அவ்வளவுதான். அதை உருவாக்க உயிர் தேவையில்லை. அந்தச் "சர்க்கரை"யும் கிளைக்கோலால்டிஹைடு என்ற, இரண்டே கார்பன் அணுக்கள் கொண்ட சின்ன மூலக்கூறு.

சரி, உயிர் இல்லாமல் எப்படி உருவாகிறது? விண்மீன்களுக்கு இடையே வாயுவும் தூசியும் சேர்ந்த அடர்ந்த மேகத்தின் உள்ளே வெப்பநிலை சுமார் மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் சாதாரண வேதிவினைகள் பெரும்பாலும் நடக்காது. ஆனால் காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியில் மிக வேகமாகப் பாயும் துகள்கள், ஹைட்ரஜனைத் தாக்கி அயனியாக்கும். அதிலிருந்து மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த நேர்மின் அயனி பிறக்கும். அது எதிர்ப்படும் மூலக்கூறுக்குத் தன் புரோட்டானைக் கொடுத்துவிடும். இப்படித் தொடங்கும் பல வினைகளுக்கு வெப்பமே வேண்டாம். இன்னொரு பக்கம், தூசித் துகள்கள்மேல் கார்பன் மோனாக்சைடு பனியாக உறைகிறது. அதில் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக ஒட்ட, ஃபார்மால்டிஹைடு வரும், அப்புறம் மெத்தனால். எனக்கு இந்த வேதியியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கண்டுபிடிப்பைச் சரிபார்ப்பதில்தான் கவனம் வேண்டும். சுழலும் மூலக்கூறு ஒவ்வொன்றும் தனக்கே உரிய அதிர்வெண்களில் ரேடியோ அலையை வெளியிடும். அப்படிப்பட்ட ஒவ்வொரு அதிர்வெண்ணும் தரவில் ஒரு கோடாகத் தெரியும். 1970-இல் 89.19 கிகாஹெர்ட்ஸில் ஒரு கோடு கிடைத்தது. யாருக்கும் அடையாளம் தெரியாததால் அதை எக்ஸ்-ஓஜன் என்றே அழைத்தார்கள். ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் சேர்ந்த ஃபார்மைல் அயனியாக இருக்கலாம் என்று வேதியியலாளர் வில்லியம் கிளெம்பெரர் சொன்னார். ஆய்வகத்தில் அளந்து உறுதி செய்தது 1975-இல்.

நம் பால்வீதியின் மையத்துக்கு அருகிலுள்ள சஜிட்டேரியஸ் பி2 மேகத்தில் கோடுகள் நெருக்கியடித்துக் கிடக்கும். எந்த மூலக்கூறை எடுத்தாலும் சில கோடுகள் தற்செயலாகப் பொருந்திவிடும். அமினோ அமிலமான கிளைசின் அங்கே கிடைத்ததாக 2003-இல் அறிவித்தார்கள். 2005-இல் வேறொரு குழு சோதித்தபோது, கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய சில கோடுகள் அங்கே இல்லை. அந்த அறிவிப்பு நிலைக்கவில்லை. ஆகவே, எத்தனை கோடுகள் பொருந்தின என்பதோடு, இருக்க வேண்டிய கோடு ஏதாவது காணவில்லையா என்றும் கேளுங்கள்.

வைல்ட் 2 வால்மீனிலிருந்து ஸ்டார்டஸ்ட் விண்கலம் கொண்டுவந்த மாதிரிகளில் கிளைசின் இருந்ததாக 2009-இல் அறிவித்தது வேறு விஷயம். அதைப் பூமியில் ஆய்வகத்தில் வைத்துப் பரிசோதித்தார்கள். 2003-இல் சொன்ன மேகத்துக் கிளைசினுக்கு அது சான்று ஆகாது.