புலிகள் காப்பகத்துக்குள் உங்கள் ஊரா? இடமாற்றப் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன்

"குடும்பத்துக்கு 15 லட்சம், கையெழுத்துப் போடுங்கள்" என்று ஃபாரஸ்ட் ஆட்கள் ஊருக்குள் வந்தால், "வன உரிமைச் சட்டப்படி, நாங்கள் வாழும் காட்டு நிலத்துக்கு உரிமை கேட்டுப் போட்ட மனுக்கள் எல்லாம் முடிந்துவிட்டனவா?" என்று முதலில் கேளுங்கள். முடியவில்லை என்றால் இடமாற்றப் பேச்சையே எடுக்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006-ல் சேர்த்த 38வி பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உரிமைகளை முடிவு செய்த பிறகு, கிராம சபை விவரம் தெரிந்து சம்மதித்தால் மட்டுமே இடமாற்றம். அதுவும் காப்பகத்தின் உள்ளே உள்ள மையப் பகுதியில் (கோர்) இருக்கும் ஊர்களுக்குத்தான். அதைச் சுற்றியுள்ள வெளிமண்டல (பஃபர்) ஊரை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது.

நாடு முழுக்க மையப் பகுதிகளில் இன்னும் 591 கிராமங்கள் இருப்பதாகவும், இடமாற்றத்தை வேகப்படுத்தும்படியும் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. தமிழ்நாட்டிலோ வன உரிமைப் பட்டா வழங்க 2008-ல் விழுந்த நீதிமன்றத் தடை விலகவே 2016 ஆகிவிட்டது. பட்டா கொடுப்பதில் அத்தனை தாமதம், காலி செய்ய மட்டும் இத்தனை அவசரமா?

ஆட்கள் அதிகம் ஏமாறுவது குடும்பக் கணக்கில்தான். ரேஷன் கார்டு ஒன்று என்றால் குடும்பமும் ஒன்று என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அது தவறு. 18 வயது நிறைந்த மகன், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும், தனிக் குடும்பம். 18 நிறைந்த, மணமாகாத மகளும் சகோதரியும் அப்படியே. கணவனை இழந்தவர், மணவிலக்குப் பெற்ற பெண், மாற்றுத்திறனாளி, தாய் தகப்பன் இருவரையும் இழந்த சிறுவர் என ஒவ்வொருவரும் தனித்தனிக் குடும்பம். ஒரே குடிசையில் விதவைத் தாய், 20 வயது மகன், 19 வயது மகள் இருந்தால் அது மூன்று குடும்பம், 45 லட்சம். மகன் பெயருக்குக் கீழே தாயை "சார்ந்தவர்" என்று எழுதி முடித்த பட்டியலைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு ஒரு பைசா வரவில்லை. பட்டியலின் நகலை வாங்கி, ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. வருகைப் பதிவு என்று சொல்லி வாங்கிய கைநாட்டு, பிறகு சம்மதக் கடிதத்தோடு இணைந்து வரும். தலைப்பு எழுதாத தாளில் கை வைக்காதீர்கள். கூட்ட முடிவுகளை எழுதும் மினிட் புத்தகத்தின் பக்கத்தை அங்கேயே போட்டோ எடுத்துவிடுங்கள்.

பணமாக வாங்கினால் நிலம், வீடு, மரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த 15 லட்சம்தான். மாற்று நிலமும் வீடும் கேட்டால் அவற்றை அதே தொகையிலிருந்துதான் செய்து தருவார்கள். அதனால் நிலத்தை நேரில் போய்ப் பார்த்து, தண்ணீர் இருக்கிறதா, பட்டா யார் பெயரில் என்று விசாரியுங்கள். நிலம் வாங்கித் தருகிறேன் என்று வரும் புரோக்கரை நம்பவே வேண்டாம். முதுமலையிலிருந்து வெளியேறிய மக்களின் இழப்பீட்டுப் பணத்தைப் பறித்ததாகப் போலீஸ் வழக்கே பதிவாகியிருக்கிறது.

உரிமை மனு போடாதவர்கள் உடனே கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். தாசில்தார் ஆபீஸ் வனத்துறையைக் கை காட்டும், வனத்துறை பழங்குடியினர் நல அலுவலகத்தைக் கை காட்டும். அலைய வேண்டாம், மனு வாங்க வேண்டியது கிராம சபைதான். குறிப்பிட்ட ஒரு ஆவணம்தான் வேண்டும் என்று எந்தக் குழுவும் அடம்பிடிக்க முடியாது. வன உரிமைச் சட்டம் கேட்பது இரண்டு வகைச் சான்று. அதில் ஊர்ப் பெரியவர் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலமும் ஒன்று. பழங்குடி அல்லாதவர்களிடம் 75 ஆண்டு ஆதாரம் கேட்பார்கள். அந்த 75 ஆண்டு, குடும்பம் அந்தப் பகுதியில் குடியிருந்ததற்குத்தான், கேட்கும் நிலம் கையில் இருந்ததற்கு அல்ல. இந்த ஒரு குழப்பத்திலேயே எத்தனையோ மனுக்கள் குப்பைக்குப் போயிருக்கின்றன.

மனு விசாரணையில் இருக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. "தள்ளுபடி ஆகிவிட்டது" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்காதீர்கள், காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். முடிவு எடுத்த தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கிராம சபை முடிவு என்றால் கோட்ட அளவிலான குழுவிடம், கோட்டக் குழுவின் முடிவு என்றால் மாவட்டக் குழுவிடம்.