டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம், கையில் கால் மணி நேரம்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் தேடும்போது முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அடுத்து மொத்தப் பயண நேரத்தைப் பார்க்கிறார்கள். 21 மணி நேரத்தில் போய்ச் சேரும் டிக்கெட்டும் 24 மணி நேரத்தில் சேரும் டிக்கெட்டும் ஏறக்குறைய ஒரே விலையில் கிடைத்தால், வயதானவர்களை அலைக்கழிக்க வேண்டாம் என்று 21 மணி நேரத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த மூன்று மணி நேரம் எங்கே குறைந்தது என்று பார்க்க வேண்டும். விமானம் ஒன்றும் வேகமாகப் பறந்துவிடப் போவதில்லை. தோஹாவிலோ துபாயிலோ விமானம் மாறுவதற்குக் கிடைக்கும் இடைவெளியில்தான் அது குறைந்திருக்கிறது. திருச்சியில் பயண முகவராகத் தொழில் செய்கிறேன். வாடிக்கையாளர்களிடம் நான் அதிகமாக வாதாடுவது இந்த இடைவெளிக்காகத்தான்.

ஒன்றேகால் மணி நேர இடைவெளி உள்ள ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். அதில் போட்டிருக்கும் இறங்கும் நேரம், விமானம் தன் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்க வேண்டிய நேரம். நீங்கள் கதவைத் தாண்டி வெளியே வரும் நேரம் அல்ல. அதேபோல, புறப்படும் நேரம் என்பது அடுத்த விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர வேண்டிய நேரம். கேட்டை அதற்குப் பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு முன்பே மூடிவிடுவார்கள். ஆக, 75 நிமிடத்தில் 20 முதலிலேயே போய்விட்டது. பெரிய விமானத்தின் பின்வரிசையில் இருப்பவர் மேலே வைத்த பையை எடுத்துக்கொண்டு கதவருகே வருவதற்கு 15 நிமிடம். விமானத்தைக் கட்டடத்தை ஒட்டி நிறுத்தாமல் தள்ளி நிறுத்தினால், பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கப் பத்து நிமிடம். நடுவில் விமானம் மாறும் இடைவழிப் பயணிகளுக்கும் பாதுகாப்புச் சோதனை உண்டு. பெல்ட்டைக் கழற்றி, லேப்டாப்பை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வரிசையில் நிற்க இன்னொரு 15 நிமிடம். மிஞ்சுவது கால் மணி நேரம். அதற்குள் புது ஊரில், தூக்கம் கெட்ட கண்களோடு, பலகைகளைப் படித்துக் கேட்டைக் கண்டுபிடித்து நடந்து போய்ச் சேர வேண்டும். முதல் விமானம் சரியான நேரத்துக்கு வந்தால்தான் இந்தக் கணக்கே செல்லும்.

அப்படியானால் கம்ப்யூட்டர் இந்த டிக்கெட்டை ஏன் கொடுக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வகுத்து வைத்திருக்கிறார்கள். எந்த முனையத்திலிருந்து எந்த முனையத்துக்கு, உள்நாடா வெளிநாடா என்பதைப் பொறுத்து அது மாறும். அதைவிடக் குறைந்த இடைவெளியை ஒரே டிக்கெட்டில் விற்க முடியாது. ஆனால் அது விற்பனைக்கான கீழ்எல்லை மட்டுமே. மாறிவிடலாம் என்பதற்குத்தான் அது கணக்கு. நிம்மதியாக மாறுவதற்கு அல்ல. முழங்கால் வலி உள்ள 68 வயது அம்மாவையோ, கைக்குழந்தையோடு தனியாக வரும் பெண்ணையோ மனத்தில் வைத்து யாரும் அதை வகுக்கவில்லை.

விமான நிலையத்தின் அமைப்பும் முக்கியம். தோஹாவில் 2014-இல் திறந்த ஹமாத் விமான நிலையம் ஒரே முனையம்தான். பெரிய மஞ்சள் கரடி பொம்மை நிற்கிற மையப் பகுதிக்கு அருகிலேயே ஏ, பி பகுதிகள் இருக்கின்றன. சி, டி, இ பகுதிகள் அதைத் தாண்டி உள்ளே நீளுகின்றன. கட்டடத்துக்குள்ளேயே ரயில் ஓடுகிறது என்றால் தூரத்தை ஊகித்துக்கொள்ளலாம். துபாயில் மூன்றாம் முனையத்துக்குள்ளேயே மாறுவது ஒரு மாதிரி, மூன்றிலிருந்து இரண்டாம் முனையத்துக்கு மாறுவது வேறு மாதிரி. இரண்டாம் முனையம் ஓடுதளங்களுக்கு மறுபுறம் இருக்கிறது, பஸ்ஸில்தான் போக வேண்டும். சிங்கப்பூர் சாங்கியில் முதல் மூன்று முனையங்களுக்கும் இடையில் ரயில் உண்டு, நான்காம் முனையத்துக்கு பஸ். வளைகுடா நிலையங்களில் விமானங்கள் அலை அலையாக வந்து இறங்கி, அடுத்த சில மணி நேரத்தில் அலை அலையாகக் கிளம்பும்படி அட்டவணை அமைத்திருக்கிறார்கள். உங்கள் விமானம் இறங்கும் அதே நேரத்தில் இன்னும் பல விமானங்களின் பயணிகள் அதே சோதனை வரிசைக்கு வருவார்கள்.

வீல்சேர் கேட்டிருக்கிறோம், அவர்களே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று பிள்ளைகள் தைரியமாக இருக்கிறார்கள். அதைத்தான் நான் முதலில் திருத்துகிறேன். வீல்சேர் பயணிகளை வழக்கமாக எல்லாரும் இறங்கிய பிறகுதான் இறக்குவார்கள். இருநூறு, முந்நூறு பேர் இறங்கி முடிக்கும் வரை இருக்கையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு நாற்காலி வர வேண்டும், தள்ளுபவர் வர வேண்டும். இந்தியாவிலிருந்து போகும் விமானத்தில் வீல்சேர் கேட்டவர்கள் பலர் இருப்பார்கள். பல நிலையங்களில் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி உட்கார வைத்து, அங்கிருந்து விமானவாரியாகப் பிரித்து அனுப்புவார்கள். எங்களிடம் டிக்கெட் எடுத்த ஒரு தம்பதிக்கு இது நேர்ந்தது. பிள்ளை தானாகவே இணையத்தில் பார்த்து முடிவுசெய்த ஒன்றேகால் மணி நேர இடைவெளி. முதல் விமானம் அரை மணி நேரம் தாமதம். அவர்கள் காத்திருப்புப் பகுதியில் நாற்காலியில் இருந்தபடியே அமெரிக்க விமானம் போய்விட்டது. அப்பாவின் நீரிழிவு மாத்திரைகள் செக்-இன் பெட்டியில் இருந்தன. அடுத்த விமானம் மறுநாள். அவர்கள் போனில் அந்த ஊர் சிம் இல்லை. வைஃபை இணைக்கத் தெரியவில்லை. டல்லாஸில் மகனுக்கும் இங்கே எனக்கும் அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே வீல்சேர் தேவைப்படும் பெரியவர்களுக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளி உள்ள டிக்கெட்டை நான் சிபாரிசு செய்வதில்லை. மூன்று மணி நேரம் இருந்தால் இன்னும் நல்லது. மூன்று மணி நேரம் அங்கே உட்கார்ந்திருப்பது அவர்களுக்குச் சிரமம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கழிப்பறைக்குப் போய், முகம் கழுவி, சாப்பிட்டு, காலை நீட்டி, மாத்திரை போட்டுக்கொண்டு அடுத்த 14, 15 மணி நேரத்துக்குத் தயாராவது சிரமம் அல்ல, அவர்கள் உடம்புக்குத் தேவை. டிக்கெட் போடும்போதே, தவறினால் 48 மணி நேரத்துக்கு முன்பாவது, எந்த வகை உதவி என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். படி ஏற முடியும், தூரம் நடக்க முடியாது என்பது ஒரு வகை. படியும் ஏற முடியாது என்பது இன்னொன்று. இருக்கை வரை தூக்கிக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும் என்பது மூன்றாவது. தவறாகப் பதிவானால் வரும் நாற்காலியும் தவறாகவே வரும்.

நாம் ஓடிப்போய் விமானத்தைப் பிடித்துவிட்டாலும் பெட்டி பிடிக்க வேண்டுமே. அதற்கு நேர்மாறாக, பயணி ஏறாமல் அவர் பெட்டி மட்டும் பறக்கக் கூடாது என்பதில் விமானத் துறை கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடலோரம் வெடித்துச் சிதறிய ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தில் 329 பேர் இறந்தார்கள். வான்கூவரில் ஒருவர் பெயரில் ஏற்றி, அவர் ஏறாமலேயே இணைப்பு விமானத்துக்கு மாற்றப்பட்ட ஒரு பெட்டியில்தான் குண்டு இருந்தது. அதனால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று தோன்றினால் உங்கள் பெட்டியைத் தேடி இறக்கும் வேலையையும் அவர்கள் பார்த்தாக வேண்டும். கேட்டில் ஒருவருக்காகக் காத்திருக்கத் தயங்குவது மனமில்லாமல் அல்ல.

அமெரிக்கா போகிறவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். திருச்சியிலோ சென்னையிலோ பெட்டியில் கட்டும் சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருந்தாலும், அமெரிக்காவில் முதலில் கால் வைக்கும் ஊரில் வழக்கமாக இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை நாமே எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். பிறகு மீண்டும் பாதுகாப்புச் சோதனை. நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. போன்ற இடத்தில் முனையம் மாற வெளியே வந்து ரயில் ஏற வேண்டியிருக்கும். நம் வீட்டு அம்மாக்கள் பெட்டியில் ஊறுகாயும் பொடிகளும் வைக்காமல் போவதில்லை. அதிகாரி கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும், அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் கொண்டுபோகவே கூடாது. அமெரிக்காவுக்குள் மாறும் விமானத்துக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து நான் போடுவதில்லை. அபுதாபி வழியாகப் போனால் கதை வேறு. 2014 முதல் அமெரிக்க இமிக்ரேஷனையும் சுங்கத்தையும் அங்கேயே முடிக்கும் வசதி இருக்கிறது. அமெரிக்காவில் இறங்கும்போது உள்நாட்டுப் பயணிபோல வெளியே வந்துவிடலாம். ஆனால் அந்த வேலை முழுவதும் அபுதாபி இடைவெளிக்குள் நடக்க வேண்டும் என்பதால், அங்கே இடைவெளி கூடுதலாக இருந்தாக வேண்டும்.

இனி, தனித்தனி டிக்கெட்டுகள். திருச்சி–சென்னை ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து வெளிநாட்டுக்கு வேறு டிக்கெட் என்று எடுப்பவர்கள் நிறையப் பேர். இரண்டும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால், முதல் விமானத் தாமதத்தால் இரண்டாவது தவறும்போது, அடுத்த விமானத்தில் இடம் கொடுக்கும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு உண்டு. தனித்தனி என்றால் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. அந்த டிக்கெட்டின் மிச்சப் பகுதியும், பல சமயம் திரும்பி வரும் பயணமும் சேர்த்தே ரத்தாகிவிடும். சில இணையதளங்கள் இப்படிப்பட்ட இரண்டு டிக்கெட்டுகளை ஒட்டவைத்து ஒரே பயணம்போலக் காட்டுகின்றன. ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு நிலையத்தில் அப்படி மாறுவதென்றால் அந்த நாட்டுக்குள் நுழைந்து பெட்டியை எடுக்க வேண்டும். அதற்கு விசா தேவைப்படலாம். ஐரோப்பாவில் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் நாடுகளின் இரண்டு விமான நிலையங்களில் அடுத்தடுத்து மாறினாலும் இதே விசா சிக்கல்தான்.

நல்ல இடைவெளி பார்த்து எடுத்த டிக்கெட்டும் கெட்டுப்போகலாம். ஆறு மாதம் முன்னால் பதிவு செய்தால் நடுவில் நேரம் மாறுவது சாதாரணம். எங்கள் திரையில் அந்தப் பதிவின் பக்கத்தில், நேரம் மாறியதைக் காட்டும் டி.கே. என்ற குறியீடு விழும். முகவரிடம் எடுத்திருந்தால் அவர் பார்த்துச் சொல்வார். நேரடியாக எடுத்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும், ஏற்கிறேன் என்ற பொத்தானோடு. இடைவெளி இப்போது எவ்வளவு என்று கூட்டிப் பார்க்காமல் அதை அழுத்தாதீர்கள். நிறுவனமே மாற்றியதால் இடைவெளி நெருங்கிப்போயிருந்தால், கட்டணம் இல்லாமல் வேறு விமானம் கேட்க அதுவே சரியான சமயம். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் எங்களாலும் அதிகம் செய்ய முடிவதில்லை.

இடைவெளி குறைவாகத்தான் கிடைத்தது, போயாக வேண்டும் என்றால், முன்வரிசையில் இருக்கை வாங்குங்கள். முதல் ஊரிலேயே இரண்டு போர்டிங் பாஸையும் கேட்டு வாங்குங்கள். மருந்து, கண்ணாடி, ஒரு செட் மாற்றுத்துணி எல்லாம் கைப்பையில். விமானம் தாமதமாகிறது என்று தெரிந்ததும் பணிப்பெண்ணிடம் அடுத்த விமானத்தின் எண்ணைச் சொல்லுங்கள். இறங்கும் இடத்தில் பலகையோடு ஆள் நிற்கிறாரா என்று பார்த்து அவரோடு போங்கள்.

தவறிவிட்டால் வெளியே போகும் வழியில் போகாதீர்கள். இடைவழிப் பயணிகளுக்கான கவுன்ட்டருக்குப் போங்கள். அதற்குள் நிறுவனத்தின் செயலியில் புது விமானம் போட்டிருக்கலாம், அதையும் பாருங்கள். பதற்றத்தில் சொந்தப் பணத்தில் புது டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். சாப்பாடு, தங்குமிடம் என்ன என்று கேளுங்கள். வாய் திறந்து கேட்பவருக்குத்தான் பல நேரம் கிடைக்கிறது. பாரிஸிலிருந்தோ பிராங்க்பர்ட்டிலிருந்தோ சென்னைக்கு ஒரே டிக்கெட்டில் வருபவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதி துணை நிற்கிறது. இடையில் தோஹாவில் விமானம் தவறி, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக வந்து சேர்ந்து, காரணம் நிறுவனத்தின் பக்கம் இருந்தால், 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். போர்டிங் பாஸ்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

பெட்டி வரவில்லை என்றால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே லக்கேஜ் கவுன்ட்டரில் புகார் பதிந்து, அதன் எண் உள்ள தாளை வாங்கிக்கொள்ளுங்கள். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகக் கோரிக்கை கொடுக்க வேண்டும். உடைந்து வந்திருந்தால் ஏழு நாட்கள்தான். பெட்டி வரும்வரை சமாளிக்க வாங்கிய துணிமணி, பற்பசை போன்றவற்றுக்கான ரசீதுகளைக் கோரிக்கையோடு இணைத்துக் கொடுங்கள்.